மூன்றாம் வரிசைக்கும் கேட்கட்டும்

மூன்று வரிசைக் கார்களின் உட்புறத்தை வடிவமைக்கும் பொறியாளர்களுக்கு,

வணக்கம்.

உங்கள் விளம்பரங்களில் மூன்று வரிசைக்காரர்களும் ஒரே நேரத்தில் சிரிக்கிறார்கள். வண்டி நிற்கும்போது எடுத்த படமாக இருக்கும். ஓடும் வண்டியில், முன்னால் சொன்ன நகைச்சுவை கடைசி வரிசைக்குப் போய்ச் சேராது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல.

ஓட்டுபவர் சாலையைப் பார்த்துத்தான் பேசுகிறார். சொற்களைப் பிரித்துக் காட்டும் சகரம், தகரம் போன்ற உயர் அதிர்வெண் ஒலிகளை இருக்கை முதுகுகளின் ஃபோமும் அகலமான ஹெட்ரெஸ்டுகளும் விழுங்கிவிடுகின்றன. தப்பி வருவதைக் காதோரத்து வீல் ஆர்ச்சின் (சக்கரத்தின் மேல் வளைவின்) டயர் இரைச்சலும் கூரை ஏசியின் ப்ளோயரும் மூடிவிடுகின்றன. அங்கே யார் உட்காருகிறார்கள்? குழந்தைகள், இடம் போதாவிட்டால் பாட்டி. முதுமையில் முதலில் மங்குவதும் இதே உயர் அதிர்வெண் ஒலிகள்தான்.

பின்சக்கரத்துக்கு மேலேயே இருக்கை என்பதால் தூக்கிப்போடுவதும் அங்கேதான் அதிகம். "வண்டியை நிறுத்துப்பா, வாந்தி வருது" என்பது ஆள் மாற்றி ஆள் சொல்லித்தான் முன்னால் போகிறது. "என்ன?" என்று ஓட்டுபவர் இரண்டு நொடி திரும்பினால், 80 கி.மீ. வேகத்தில் வண்டி சுமார் 44 மீட்டர் பார்வையில்லாமல் ஓடுகிறது.

கேட்பது ஒன்றுதான். 80 கி.மீ. வேகத்தில், கான்கிரீட் சாலையில், ப்ளோயரை முழுதாக வைத்து, முதல் வரிசைப் பேச்சு மூன்றாம் வரிசைக்கும் அங்கிருந்து முன்னாலும் புரிகிறதா என்று சோதியுங்கள். முடிவை வெளியிடுங்கள்.

தீர்வுகள் பழையவைதான். ப்ளூடூத் அழைப்புக்கான மைக் ஏற்கெனவே இருக்கிறது. அதில் விழும் ஓட்டுநர் குரலைப் பின் ஸ்பீக்கருக்கு அனுப்பும் வசதி டொயோட்டா சியன்னாவின் 2015 மாடலிலேயே வந்துவிட்டது. ஆனால் அது ஒருவழிப் பாதை. கடைசி வரிசையிலும் ஒரு மைக்கும் ஸ்பீக்கரும் வேண்டும். ஸ்பீக்கர் ஒலியை மைக் மறுபடி பிடித்து ஊளையிடாமல் மென்பொருள் தடுக்க வேண்டும். அவ்வளவு செலவு முடியாதென்றால், கூலிங்கிளாஸ் பெட்டியின் மூடியில் ஒரு சின்னக் குவியாடி வையுங்கள்; ஓட்டுபவர் திரும்பாமலே பின்னால் இருக்கும் முகங்களைப் பார்க்கலாம். ஆளில்லாதபோது இரண்டாம் வரிசை ஹெட்ரெஸ்ட் முழுதாகக் கீழே இறங்கட்டும். இரண்டாம் வரிசையில் தனித்தனி இருக்கைகள் இரண்டு மட்டும் வரும் கேப்டன் சீட்டின் நடு இடைவெளியில் பேச்சு கொஞ்சம் புகும், உண்மைதான். அதற்கு வீட்டில் ஓர் ஆளைக் குறைக்க வேண்டும்.

ஃபியட் 1998-இல் மல்டிப்ளா என்ற காரில் ஆறு பேரை மும்மூன்றாக இரண்டே வரிசையில் உட்கார வைத்தது, அதுவும் 4 மீட்டர் நீளத்துக்குள். அகலம் கூடியது, அழகைப் பற்றிப் பேசாமல் இருப்பதே மரியாதை. ஆனால் ஆறு பேரும் பேசிக்கொண்டார்கள். இங்கே அதே 4 மீட்டருக்குள், வரிச் சலுகைக்காக, மூன்று வரிசை திணிக்கப்படுகிறது. 64 நிறத்தில் விளக்கு எரிகிறது. கூரை திறந்து வானம் தெரிகிறது. பாட்டி என்ன கேட்டார் என்பதுதான் தெரியவில்லை.

எங்கள் கோபத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். அடுத்த மாடலை இறுதி செய்யும் முன், தயவுசெய்து அந்த 80 கி.மீ. சோதனையைச் செய்யுங்கள். கடைசி வரிசையில் உங்களில் மூத்தவர் ஒருவர் உட்கார்ந்தால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
மூன்றாம் வரிசைப் பயணிகள் சார்பில்