காணாமல் போகும் குழந்தைகள்: புகார் வந்த இரவிலேயே வழக்குப் பதிவு செய்யக் கோரும் மனு

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற அரசுப் பள்ளித் தலைமையாசிரியை,
வார்டு குழந்தைகள் பாதுகாப்புக் குழு உறுப்பினர்,
வடசென்னை.

பெறுநர்:
காவல்துறைத் தலைமை இயக்குநர் அவர்கள்,
தமிழ்நாடு காவல்துறைத் தலைமை அலுவலகம்,
டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலை, மயிலாப்பூர்,
சென்னை 600004.

பொருள்: 18 வயதுக்குட்பட்டோர் காணாமல் போனதாகப் புகார் வந்தவுடன் கடத்தல் பிரிவில் முதல் தகவல் அறிக்கை பதிவு செய்யவும், அன்றிரவே தடயங்களைச் சேகரிக்கவும் அனைத்துக் காவல் நிலையங்களுக்கும் உத்தரவிட வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். பிள்ளையைக் காணோம் என்று ஒரு தாய் காவல் நிலையத்தில் வந்து நிற்கும்போது, பல இடங்களில் அவளுக்கு முதலில் கிடைப்பது, வழக்குப் பதியாமல் புகாரைப் பெற்றதற்கு மட்டும் தரும் ஒரு சி.எஸ்.ஆர். ரசீதும், "சொந்தக்காரங்க வீட்ல தேடிப் பாத்துட்டு காலைல வாங்க" என்ற பதிலும்தான். எல்லா நிலையங்களிலும் இப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. புகார் வாங்கிய கையோடு பைக்கை எடுத்துக்கொண்டு பேருந்து நிலையத்துக்கு ஓடிய உதவி ஆய்வாளர்களையும் பார்த்திருக்கிறேன். ஆனால் ஒரு குழந்தையின் உயிர், அன்றிரவு பணியில் இருப்பவர் யார் என்பதைப் பொறுத்து அமையக் கூடாது. அதற்காகவே இந்த மனு.

சட்டத்தில் குறை எதுவும் இல்லை. காணாமல் போன சிறுமிகளைத் தேடுவதில் காவல்துறை என்னென்ன செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2002-லேயே ஹோரிலால் வழக்கில் வழிகாட்டியது. குழந்தைகள் உரிமை அமைப்பான பச்பன் பச்சாவ் ஆந்தோலன் தொடுத்த வழக்கில் 2013 மே 10 அன்று இன்னும் தெளிவாகச் சொன்னது: குழந்தை காணாமல் போனதாகப் புகார் வந்தால் எஃப்.ஐ.ஆர். (முதல் தகவல் அறிக்கை) பதிவு செய்ய வேண்டும். வேறு காரணம் என்று தெரியவரும்வரை கடத்தல் அல்லது ஆள்கடத்தல் வணிகம் என்றே கொண்டு விசாரிக்க வேண்டும். அதே ஆண்டு நவம்பர் 12 அன்று லலிதா குமாரி வழக்கில் அரசியல் சாசன அமர்வு, பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் பற்றிய தகவல் வந்தால் வழக்குப் பதிவு கட்டாயம் என்றது. அந்த வழக்கே ஒரு சிறுமி கடத்தப்பட்டதாக அவளுடைய தந்தை கொடுத்த புகாரிலிருந்து எழுந்ததுதான். 2016-ஆம் ஆண்டின் இளைஞர் நீதி மாதிரி விதிகளில் 92-ஆவது விதி, வழக்குப் பதிவு, புகைப்படம், இணையதளப் பதிவு என்று ஒவ்வொரு படியையும் எழுதியே வைத்திருக்கிறது. நான்கு மாதங்களில் குழந்தை கிடைக்காவிட்டால் விசாரணையை ஆள்கடத்தல் தடுப்புப் பிரிவுக்கு மாற்ற வேண்டும் என்பதும் அதில் உண்டு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆவது பிரிவுப்படி, "எங்க லிமிட் இல்லை" என்று புகாரைத் திருப்பி அனுப்பவும் முடியாது.

இவ்வளவு இருந்தும் சி.எஸ்.ஆர். ரசீதோடு அனுப்பி வைக்கும் பழக்கம் போகவில்லை. எஃப்.ஐ.ஆர். பதிவானாலும் "சிறுமி காணவில்லை" என்ற தலைப்போடு, குற்றப் பிரிவு எதையும் குறிப்பிடாமலேயே சில நேரம் பதிவாகிறது. பிரிவு இல்லாத வழக்கு குற்ற வழக்காக நகர்வதில்லை; மேசையிலேயே கிடக்கிறது. வசதியுள்ள பெற்றோர் வழக்கறிஞரைப் பிடித்து உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடுகிறார்கள், உடனே தனிப்படை அமைகிறது. மீன் விற்கும் அம்மாவும் மூட்டை தூக்கும் அப்பாவும் எங்கே போவார்கள்?

நான் உடன் சென்ற ஒரு புகாரைப் பற்றிச் சொல்ல அனுமதி வேண்டுகிறேன். நிலையத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை. ஒருவர் மீது நடவடிக்கை எடுக்கச் சொல்வது என் நோக்கமல்ல. என் பழைய மாணவி ஒருத்தியின் மகள், 13 வயது. டியூஷனுக்குப் போனவள் திரும்பவில்லை. அந்தத் தாய் பள்ளி அடையாள அட்டையையும் ஆதார் நகலையும் பிளாஸ்டிக் கவரில் போட்டு நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். மேசையில் இருந்தவர் கேட்ட முதல் கேள்வி, "பொண்ணு கையில போன் இருக்கா, யார்கிட்டயாவது பேசுமா?" என்பது. இரண்டாவது, "வீட்ல திட்டினீங்களா?" குழந்தை என்ன உடை போட்டிருந்தாள், எந்தத் தெரு வழியாகப் போவாள், டியூஷன் எத்தனை மணிக்கு முடியும் என்று அவர் கேட்கவே இல்லை. புகைப்படத்தை நீட்டியபோது, "இருக்கட்டும்மா, காலைல எடுத்துட்டு வாங்க" என்றார்.

அந்தச் சிறுமி உயிரோடு கிடைத்தாள். ஆனால் ஆந்திராவில் ஒரு ரயில் நிலையத்தில் மீட்கப்பட்டு அங்கே காப்பகத்தில் இருந்தவளை, இங்கே தாய் தெருத் தெருவாகத் தேடிக்கொண்டிருந்தாள். பயத்தில் சிறுமி தன் சரியான பெயரைச் சொல்லவில்லை. இங்கே அவளுடைய படம் காணாமல் போன குழந்தைகளுக்கான இணையதளத்தில் ஏற்றப்படாததால், அங்குள்ள குழந்தைகள் நலக் குழு தேடிப் பார்த்தும் பொருத்த முடியவில்லை. ஒரு புகைப்படத்தை அன்றிரவே ஏற்றியிருந்தால் போதும். கிடைத்த பிள்ளைக்கே இந்த நிலை.

கிடைக்காத பிள்ளைகளைப் பற்றி எழுதக் கை நடுங்குகிறது. ஆனாலும் எழுத வேண்டியிருக்கிறது.

டெல்லிக்கு அருகே நொய்டாவில் உள்ள நிதாரியில் 2005 முதலே குழந்தைகள் ஒவ்வொருவராகக் காணாமல் போனார்கள். கூலி வேலைக்கு வந்த குடும்பங்கள். பெற்றோர் காவல் நிலையத்துக்கு நடையாய் நடந்தார்கள். பிள்ளைகள் எங்கேனும் ஓடிப்போயிருப்பார்கள் என்று சொல்லித் திருப்பி அனுப்பப்பட்டார்கள். 2006 டிசம்பர் 29 அன்று 31-ஆவது செக்டாரில் ஒரு வீட்டின் பின்புறம் கால்வாயிலிருந்து எலும்புகள் எடுக்கப்பட்டபோதுதான் நாடு திரும்பிப் பார்த்தது. காவலர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள், சி.பி.ஐ. வந்தது, தூக்குத் தண்டனைகள் விதிக்கப்பட்டன. 2023 அக்டோபர் 16 அன்று அலகாபாத் உயர் நீதிமன்றம் விசாரணையின் குறைகளைக் கடுமையாகச் சாடி, குற்றம் சாட்டப்பட்டவர்களை விடுவித்தது. 2025-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. எஞ்சியிருந்த ஒரே வழக்கின் தண்டனையையும் அதே ஆண்டு நவம்பரில் ரத்து செய்தது. இன்று அந்தக் குழந்தைகளைக் கொன்றது யார் என்ற கேள்விக்குச் சட்டத்தில் விடை இல்லை.

நம் சென்னையில் 2017 பிப்ரவரியில் முகலிவாக்கத்தில் நடந்ததைத் தாங்கள் நன்கு அறிவீர்கள். அடுக்குமாடிக் குடியிருப்பிலிருந்து காணாமல் போன சிறுமி கொல்லப்பட்டாள். விசாரணை நீதிமன்றம் தூக்குத் தண்டனை விதித்தது, சென்னை உயர் நீதிமன்றம் 2018-ல் உறுதிசெய்தது. 2025 அக்டோபர் 8 அன்று உச்ச நீதிமன்றம், குற்றச்சாட்டு சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்படவில்லை என்று குற்றம் சாட்டப்பட்டவரை விடுதலை செய்தது. அரசுத் தரப்பு பெரிதாகப் பேசிய சிசிடிவி காட்சியின் பதிவு முறையாகக் கைப்பற்றி முன்வைக்கப்படாததும் அந்தத் தீர்ப்பில் சுட்டிக்காட்டப்பட்ட குறைகளில் ஒன்று. நீதிமன்றங்களை நான் குறை சொல்லவில்லை. சான்று போதாமல் ஒருவரைத் தூக்கிலிடுவதும் கொடுமைதான். ஆனால் அந்தச் சான்றைச் சேர்க்க வேண்டியது யார், எப்போது என்பதே என் கேள்வி.

தெருவில் உள்ள மளிகைக்கடையிலோ மருந்துக்கடையிலோ கேமரா காட்சிகளைச் சேமிக்கும் டிவிஆர் பெட்டியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சின்ன ஹார்ட் டிஸ்க் போட்டிருப்பார்கள். ஒரு வாரம், பத்து நாள் பதிவுதான் நிற்கும். புதிய பதிவு பழையதை அழித்துக்கொண்டே போகும். கடைக்காரர் தன் செல்போனில் திரையைப் படம் பிடித்துக் கொடுப்பது நீதிமன்றத்தில் நிற்காது. புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆவது பிரிவு கேட்கும் சான்றிதழோடு மூலப்பதிவு வேண்டும். "காலைல வாங்க" என்று சொல்லும் ஒவ்வொரு முறையும் அந்தப் பதிவு அழிந்துகொண்டிருக்கிறது. குழந்தையை உயிரோடு மீட்கும் வாய்ப்பும், மீட்க முடியாவிட்டால் குற்றவாளியைத் தண்டிக்கும் வாய்ப்பும் ஒரே இரவில்தான் கைநழுவுகின்றன.

2024 மார்ச் 2 அன்று புதுச்சேரி முத்தியால்பேட்டையில் காணாமல் போன சிறுமியின் உடல் 5-ஆம் தேதி அவள் வாழ்ந்த பகுதியிலேயே கழிவுநீர்க் கால்வாயில் கிடைத்தது. புதுச்சேரி தங்கள் எல்லைக்குள் இல்லை என்பதை அறிவேன். ஆனால் பக்கத்துத் தெருவிலிருந்து தேடலைத் தொடங்க வேண்டும் என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

எங்கள் வடசென்னைக்கு இதில் தனியாக ஒரு பழைய காயமும் உண்டு. 1990-களின் இறுதியில் இங்குள்ள குடிசைப் பகுதிகளிலிருந்து தூக்கிச் செல்லப்பட்ட குழந்தைகள், தத்தெடுப்பு என்ற பெயரில் வெளிநாட்டுக் குடும்பங்களுக்கு அனுப்பப்பட்டது 2005 வாக்கில்தான் வெளியே வந்தது. பின்னர் சி.பி.ஐ. விசாரித்தது. அத்தனை ஆண்டுகள் அந்தத் தாய்மார்களின் புகார்கள் வெறும் தாள்களாகவே கிடந்தன.

ஆகவே தங்களிடம் நான் முதன்மையாகக் கேட்பது ஒன்றே. 18 வயது நிரம்பாதவர் காணாமல் போனதாக யார் வந்து சொன்னாலும், எந்த நேரத்தில் சொன்னாலும், புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 137-ஆவது பிரிவில் (கடத்தல்) உடனே எஃப்.ஐ.ஆர். பதிவு செய்ய வேண்டும் என்றும், சி.எஸ்.ஆர். மட்டும் கொடுத்து அனுப்பக் கூடாது என்றும் தங்கள் கையொப்பத்தோடு சுற்றறிக்கை வெளியிட வேண்டும். ஆண் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும் என்று அதில் தனியாக எழுத வேண்டும். முன்பிருந்த சட்டத்தில் 16 வயது முடிந்த பையன்கள் இந்தப் பாதுகாப்புக்குள் வரவில்லை. புதிய சட்டத்தில் 18 வரை வருகிறார்கள். இது பல நிலையங்களில் இன்னும் போய்ச் சேரவில்லை. அந்தச் சுற்றறிக்கையின் சாரத்தைத் தமிழில், பெரிய எழுத்தில், வரவேற்பு மேசைக்கு மேலே பெற்றோர் கண்ணில் படும்படி ஒட்ட உத்தரவிட வேண்டும். மறுக்கப்பட்டால் காவல் கண்காணிப்பாளருக்கும், அதன்பின் நீதித்துறை நடுவருக்கும் மனு செய்யலாம் என்பதையும் அதிலேயே எழுத வேண்டும்.

புகார் பதிவான அன்றிரவே, கடைசியாகக் குழந்தை காணப்பட்ட இடத்தைச் சுற்றியுள்ள கேமரா பதிவுகளைச் சான்றிதழோடு கைப்பற்றுவதைக் கட்டாயமாக்குங்கள். காலியாகக் கிடக்கும் வீடுகள், கட்டுமான இடங்கள், கிணறுகள், கால்வாய்களையும் அன்றே தேட வேண்டும். புகைப்படம் உடனே தளத்தில் ஏறி, 1098 குழந்தைகள் உதவி மையத்துக்கும் ரயில்வே காவல்துறைக்கும் போக வேண்டும். இளைஞர் நீதிச் சட்டத்தின் 107-ஆவது பிரிவுப்படி ஒவ்வொரு நிலையத்திலும் இருக்க வேண்டிய குழந்தைகள் நலக் காவல் அலுவலரின் பெயரும் எண்ணும் பள்ளிகளுக்கும் எங்களைப் போன்ற குழுக்களுக்கும் தெரியப்படுத்தப்பட வேண்டும். குழந்தை கிடைத்ததும் அந்தப் படத்தைப் பொதுவெளியிலிருந்து நீக்கவும் நடவடிக்கை வேண்டும். வீடு திரும்பிய பெண் பிள்ளைகளின் படங்கள் வாட்ஸ்அப்பில் மாதக்கணக்கில் சுற்றுவதால் சிலர் பள்ளியையே விட்டு நின்றிருக்கிறார்கள்.

பழைய வழக்குகளையும் மறந்துவிட வேண்டாம். ஆண்டுக்கணக்கில் கிடைக்காத குழந்தைகளின் பெற்றோரிடம் சம்மதத்தோடு டிஎன்ஏ மாதிரி எடுத்து, அரசு மருத்துவமனைப் பிணவறைகளில் அடையாளம் தெரியாமல் பதிவான குழந்தைகளின் மாதிரிகளோடு ஒப்பிட ஏற்பாடு செய்யுங்கள். உயிரோடு இல்லை என்ற செய்தியைக்கூட ஒரு தாய்க்குச் சொல்லும் கடமை அரசுக்கு உண்டு. விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று 90 நாட்களுக்குள் புகார்தாரருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று புதிய சட்டம் சொல்கிறது. அதை ஆங்கில எஸ்எம்எஸ் ஆக அனுப்பாமல், ஒரு பெண் அதிகாரி நேரில் வந்தோ அழைத்தோ தமிழில் சொல்லட்டும்.

காவல்துறை பேசாதபோது வதந்தி பேசுகிறது. 2018 மே மாதம் போளூர் அருகே, கோயிலுக்கு வந்த ஒரு மூதாட்டியைக் குழந்தை கடத்துபவர் என்று சந்தேகித்துக் கும்பல் அடித்தே கொன்றது. எத்தனை குழந்தைகள் காணாமல் போனார்கள், எத்தனை பேர் மீட்கப்பட்டார்கள், எத்தனை வழக்குகள் நிலுவையில் உள்ளன என்பதை மாவட்டவாரியாக மூன்று மாதங்களுக்கு ஒருமுறை வெளியிட்டால் அந்தப் பயம் குறையும். எங்கே வேலை நடக்கிறது, எங்கே நடக்கவில்லை என்பதும் தெரியும்.

நிலையங்களில் ஆள் பற்றாக்குறை இருப்பதையும், பந்தோபஸ்து முடிந்து தூக்கமின்றித் திரும்பும் காவலர்களையும் நான் அறிவேன். அவர்களில் பலர் என்னிடம் படித்த பிள்ளைகள். உத்தரவு தெளிவாக இருந்தால் அவர்கள் செய்வார்கள் என்ற நம்பிக்கையில்தான் எழுதுகிறேன்.

இம்மனுவின் மீது எடுக்கப்படும் நடவடிக்கையை எழுத்துமூலம் தெரிவிக்குமாறும், சுற்றறிக்கை வெளியிடப்பட்டால் அதன் நகலை அனுப்பி உதவுமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். எங்கள் வார்டில் உள்ள பள்ளிகளிலும் ரேஷன் கடைகளிலும் அதை ஒட்டும் பொறுப்பை எங்கள் குழு ஏற்றுக்கொள்கிறது.

நன்றி.

இடம்: சென்னை

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)
மனுதாரர்

நகல்: செயலர், தமிழ்நாடு குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம், சென்னை.