‘விண்ணப்பிக்காமல் இருப்பதே நல்லது’ என்று எழுதலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு இணைப்பின் போட்டித் தேர்வுப் பக்கத்தில், ஆங்கிலப் பிழை திருத்தப் பயிற்சியில், ‘நன் ஆஃப் தெம் ஆர் ரெடி’ (None of them are ready) என்ற வாக்கியத்தைப் பிழை என்று காட்டி, ‘ஈஸ்’ மட்டுமே சரி என்று விடை தந்திருந்தீர்கள். அதோடு நில்லாமல், ‘இந்த எளிய விதிகூடத் தெரியாதவர்கள் தேர்வுக்கு விண்ணப்பிக்காமல் இருப்பதே நல்லது’ என்று ஒரு வரியும் சேர்க்கப்பட்டிருந்தது. முப்பத்தோரு ஆண்டுகள் அரசுப் பள்ளியில் ஆங்கிலம் கற்பித்த எனக்கு, அதற்குமேல் அன்றைய இதழைப் புரட்ட மனம் வரவில்லை.

‘நன்’ என்பது ஒருமைக்கே உரியது என்று கருதுவது தவறு என்பதை 1926-இல் வெளிவந்த ஃபௌலரின் ஆங்கில வழக்கு அகராதியே சொல்லிவிட்டது. இது தாங்கள் அறியாததன்று. ‘கமிட்டி’ என்ற சொல்லுக்குப் பன்மை வினை வரவே வராது என்று சென்ற ஆண்டு அதே பக்கத்தில் வந்தபோதும், உறுப்பினர்களை மனத்தில் கொண்டு ‘ஹேவ்’ என்று எழுதுவது பிரிட்டிஷ் வழக்கில் உண்டு எனக் குறிப்பிட்டு ஓர் அஞ்சலட்டை எழுதினேன். பதிலும் வரவில்லை, திருத்தமும் வரவில்லை. மத்தியப் பணியாளர் தேர்வாணையத்தின் (எஸ்.எஸ்.சி.) பட்டதாரி நிலைத் தேர்வில், முதற்கட்டத்தில் ஒரு வினாவுக்கு 2 மதிப்பெண், தவறினால் 0.50 கழிக்கப்படும். தங்கள் பக்கத்தை வெட்டி நோட்டில் ஒட்டிவைத்துப் படிக்கும் பிள்ளைகளை நான் அறிவேன்.

இந்த வேதனை எனக்கு இன்று நேற்று வந்ததன்று. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு விடைத்தாள் திருத்தும் முகாமில், ‘தி டீச்சர் அலாங் வித் தி ஸ்டூடன்ட்ஸ் ஆர் வெயிட்டிங்’ என்ற வாக்கியத்தைத் திருத்தும் வினா வந்தது. எழுவாயான ‘டீச்சர்’ ஒருமை என்பதால், விடைக்குறிப்பில் ‘ஆர்’ என்பதை ‘ஈஸ்’ ஆக்க வேண்டும் என்று மட்டும் இருந்தது. ஒரு பிள்ளையோ ‘அலாங் வித்’ என்ற இரண்டு சொற்களையும் ஒரே கோடாக அடித்துவிட்டு, மேலே சிறிய எழுத்தில் ‘அண்ட்’ என்று எழுதி, வினையை அப்படியே விட்டிருந்தது. எழுவாய் பன்மையாகிவிட்டதால் வாக்கியம் முற்றிலும் சரியாக இருந்தது. முதன்மைத் தேர்வாளரிடம் தாளை எடுத்துச் சென்று காட்டினேன். குறிப்பில் இல்லாததற்கு மதிப்பெண் இல்லை என்று சொல்லிவிட்டார். சிவப்பு மையால் நான்தான் சுழியம் போட்டேன். வினையைத் தொடாமல் வாக்கியத்தின் அமைப்பையே மாற்றிக் காட்டிய அந்தப் பிள்ளைக்கு இலக்கணம் தெரியாது என்று என்னால் இன்றுவரை சொல்ல முடியவில்லை.

பிழையாக எழுதுகிறவர்களும் அறிவில்லாமல் எழுதுவதில்லை. நான் பணியில் சேர்ந்த புதிதில், எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் ‘மை ஃபாதர் ஆர் எ டெய்லர்’ என்று எழுதினான். மூன்று முறை திருத்தியும் மீண்டும் அப்படியே எழுதினான். அருகில் அழைத்துக் கேட்டபோது, “அப்பாவைப் போயி ஒருமையில எப்படி சார் எழுதுறது?” என்றான். எங்கள் பக்கத்தில் ‘அப்பா வந்தாக’ என்றுதான் சொல்வோம். மரியாதைக்குப் பன்மை வினை தரும் நம் வழக்கை அவன் பிசகாமல் ஆங்கிலத்தில் கொண்டுபோய் வைத்திருந்தான். அதை விளக்கிச் சொன்ன பிறகு அந்தப் பிழை அவனுக்கு வரவே இல்லை.

எழுவாய்க்கும் பயனிலைக்கும் உள்ள இயைபு நம் பிள்ளைகளுக்குப் புதிதன்று. வந்தான், வந்தாள், வந்தது, வந்தன என்று வினைமுற்றிலேயே திணையும் பாலும் காட்டும் மொழியில் பிறந்தவர்கள் அவர்கள். திணை, பால், இடம் முதலாக ஏழு வகை வழுக்களை, அதாவது பிழைகளைச் சொன்ன நன்னூல், காரணம் பற்றி ஏற்றுக்கொள்ளத் தக்கவற்றை வழுவமைதி என்று தனியே வகுத்தும் வைத்தது. பசுவை ‘என் அம்மை வந்தாள்’ என்று அன்பால் சொன்னால் அதைப் பிழையென்று தள்ளவில்லை. அத்தகைய இலக்கணம் படித்த நாம், ஆங்கிலத்தில் மட்டும் காரணம் கேட்காமல் கோடு போடப் பழகிவிட்டோம்.

நான் வேண்டுவது இரண்டே. இனி வரும் பயிற்சிகளில் விடையோடு அதற்கான காரணத்தையும் ஒரு வரியில் தாருங்கள். ‘நன்’ பற்றிய விடைக்கும், அதன்கீழ் வந்த அந்த வரிக்கும், வரும் ஞாயிறு அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் திருத்தம் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்,
பரமக்குடி.