ரூஃபில் துள்ளிய கேழ்வரகு

கிருஷ்ணகிரி,
ஞாயிறு மதியம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் போடவில்லை என்று தங்கச்சியிடம் குறைபட்டாயாமே. ஷெட்டில் ஒரு கார் என்னை அந்த ஆட்டு ஆட்டிவிட்டது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது எதிர்வீட்டுக் காலண்டரில் தேதி பார்க்கிறார். பெங்களூரா மாங்காய் விலையை மட்டும் கேட்காதே, வயிறு எரியும்.

கார் கதைக்கு வருகிறேன். ஓசூரில் வேலைக்குப் போகிற ஒரு பையன். பழைய வண்டி, டிக்கி முழுக்க ஒரே பெட்டி, அதில் 12 அங்குல சப் ஊஃபர் இரண்டு, அடித்தொனிக்கென்றே இருக்கிற பெரிய ஸ்பீக்கர். "அண்ணா, பாட்டுப் போட்டா ரூஃப் மேலயும் கீழயும் போகுது" என்றான். முப்பது வருஷமாக டிங்கர் வேலை பார்க்கிறவனுக்கு இதென்ன பிரமாதம் என்று, ரூஃப் லைனிங்கைக் கழற்றித் தார் ஷீட்டை மூலை முடுக்கு விடாமல் ஒட்டினேன். முன்பு தட்டினால் 'டங்' என்றது, இப்போது 'தொப்'. எனக்கே பெருமை. பத்தே நாளில் திரும்பி வந்தான். சித்திரை வெயிலில் தார் இளகி, லைனிங் தொட்டில் மாதிரி தொங்கியது. உள்ளே ரோடு போடுகிற நாற்றம். ரூஃப் மட்டும் பழையபடியே ஆடிக்கொண்டிருந்தது.

அன்று ராத்திரி உன் மிருதங்கம்தான் ஞாபகம் வந்தது. பஜனைக்கு முன்னால் தொப்பிப் பக்கத்தில் ரவையைப் பிசைந்து அப்புவாயே. தோல் கனமாகும், சுருதி இறங்கும். ஆனால் தோல் ஆடுவது நிற்கிறதா? நான் ரூஃபுக்குச் செய்ததும் அதுதான், ரவை அப்பியிருக்கிறேன்! ஷீட் ஒட்டினால் தகரத்தின் கிணுகிணுப்பு அடங்கும், விறைப்பு வராது. விறைப்புக்கு வாரை இழுத்துக் கட்டுகிற வேலை வேண்டும்.

அந்தத் தகரம் ஒரு மில்லிமீட்டர்கூடக் கிடையாது, முக்காலுக்கு முன்னே பின்னே. 40 ஹெர்ட்ஸ் பாஸின், அதாவது நொடிக்கு நாற்பது தடவை அதிர்கிற அடித்தொனியின், ஒரு அலை எட்டரை மீட்டர் நீளம், காருக்குள் அது அடங்காது. அதனால் உள்ளே இருக்கிற காற்று மொத்தமும் பம்ப் அடித்த மாதிரி ஒன்றாக இறுகித் தளர்கிறது. 140 டெசிபல் என்றால் 200 பாஸ்கல் அழுத்தம். கேட்க அற்பம்தான். ஒரு சதுர மீட்டர் தகரத்துக்குக் கணக்குப் போட்டால் இருபது கிலோ வருகிறது. ஒரு கிரேட் மாங்காயின் கனம், நொடிக்கு நாற்பது தடவை உள்ளிருந்து தள்ளித் தள்ளி இழுத்தால் தகரம் என்ன செய்யும்?

எங்கே ஆடுகிறது என்று கண்ணால் பார்க்க ஆசை. வீட்டிலிருந்து கேழ்வரகை அள்ளி வந்து ரூஃப் மேல் தூவி, 40 ஹெர்ட்ஸ் சத்தத்தை மட்டும் ஓடவிட்டேன். நடுவில் கிடந்த மணியெல்லாம் எண்ணெயில் விழுந்த கடுகு மாதிரி துள்ளியது. துள்ளித் துள்ளி, அடியில் குறுக்குச் சட்டம் இருக்கிற இடத்தில் போய் வரிசையாக உட்கார்ந்துகொண்டது. ஷெட் பையன்கள் வேலையைப் போட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

சட்டத்துக்கும் தகரத்துக்கும் நடுவே கம்பெனியிலேயே பொட்டுப் பொட்டாகப் பசை வைத்திருப்பார்கள். இந்த வண்டியில் அது காய்ந்து விட்டுப் போயிருந்தது. சுரண்டி எடுத்துவிட்டு, முன் கண்ணாடி ஒட்டுகிற பாலியூரிதேன் பசையை வைத்தேன். பாதி ஆட்டம் அதிலேயே போய்விட்டது. அப்புறம் சட்டங்களுக்கு இடையில் சேனல், அதாவது பள்ளமாக மடித்த பட்டை, இரண்டு, ரூஃபின் வளைவுக்கே வளைத்து அதே பசையில் ஒட்டி, இரண்டு முனையையும் பக்கச் சட்டத்தோடு போல்ட் போட்டுப் பிடித்தேன். முனையைப் பிடிக்காமல் விட்டால் தகரத்தோடு சேர்ந்து சேனலும் ஆடும். வெல்டிங் வைக்கவில்லை. அந்தத் தகரம் சூட்டில் நெளியும், பெயின்ட் கருகும், அடுத்த மழைக்குத் துரு பிடிக்கும். கல் மாதிரி இறுகுகிற எபாக்சியும் வேண்டாம் என்று விட்டேன், வெயிலில் மேலே கோடு கோடாகத் தெரியும். கடைசியில் தாருக்குப் பதில் ரப்பர் மாதிரி இருக்கிற பியூட்டைல் ஷீட் ஒட்டினேன், இந்தத் தடவை அளவோடு. பழைய வண்டி என்பதால் பக்கச் சட்டத்தில் கைவைத்தேன். ரூஃப் ஓரத்தில் மடித்து வைத்திருக்கிற கர்ட்டன் ஏர்பேக் உள்ள வண்டியாக இருந்தால் அந்தப் பக்கமே போயிருக்க மாட்டேன். உன் மருமகன் வண்டிக்கு இதையெல்லாம் செய்யச் சொல்லிக் கேட்காதே.

மறுபடி கேழ்வரகு தூவினோம். லேசாக நடுங்கியது, இடத்தை விட்டு அசையவில்லை. ஆனால் பின்னால் கடகடவென்று ஒரு சத்தம். கதவைக் கழற்றினேன், டிக்கி மூடியை அழுத்திப் பார்த்தேன், அரை நாள் போயிற்று. கடைசியில் பார்த்தால் நம்பர் பிளேட்! பின்னால் ஒரு துண்டு ஸ்பாஞ்ச் வைத்ததும் அடங்கியது.

"இவ்வளவு சத்தத்தில் காது என்னடா ஆகும்?" என்று அந்தப் பையனிடம் கேட்டேன். "என்ன அண்ணா?" என்றான். திரும்பக் கேட்டேன். திரும்பவும் "என்ன அண்ணா?"

உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அடுத்த மாதம் வருவதாக எழுதியிருந்தாயே, தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு வா. வரும்போது உங்கள் காட்டுக் கேழ்வரகு நாலு படி மறக்காமல் எடுத்து வா. இங்கே டப்பா காலி. களிக்கு மாவு எங்கே என்று வீட்டில் கேட்டதற்கு நான் உண்மையைச் சொல்லிவிட்டேன், மூன்று நாளாகப் பேச்சில்லை.

உன்,
பழைய பெஞ்சுக்காரன்