கேன்வாஸ் கில்ட்டில் ஆடலாமா? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். செப்டம்பர் பிறந்தால் எடின்பரோவில் ஸ்காட்டிஷ் கன்ட்ரி டான்ஸ் என்ற கூட்டு நடன வகுப்புகள் மறுபடி களைகட்டும், கில்ட் (ஸ்காட்லாந்து ஆண்கள் கட்டும், மடிப்பு வைத்த பாவாடை போன்ற உடை) தைத்து விற்கும் எங்கள் கடைக்கும் அதே கேள்வி வர ஆரம்பிக்கும்: "உங்களிடம் வாங்கிய பாக்கெட் வைத்த கேன்வாஸ் கில்ட்டைப் போட்டுக்கொண்டு ஆடலாமா?" ஆடலாம். போன வருஷம் இந்த ஒரு சொல்லோடு நிறுத்திக்கொண்டோம், அதனால் ஒரு தலைகுனிவும் வந்து சேர்ந்தது. இந்த முறை கொஞ்சம் நீட்டியே எழுதுகிறோம்.

நடந்தது இதுதான். ஒருவர் எங்களிடம் கறுப்பு கேன்வாஸ் கில்ட் வாங்கினார். இரண்டு பக்கமும் மூடி வைத்த பெரிய கார்கோ பாக்கெட், இடுப்பில் சாவி மாட்ட ஓர் இரும்பு வளையம். நடனத்துக்குத்தான் வாங்குகிறேன் என்று சொல்லியே வாங்கினார், நாங்களும் தலையாட்டினோம். குளிர்காலத்தில் ஒரு பெரிய நடன விருந்து. மூன்று பேர் லைசென்ஸுக்கு எட்டு போடுவது போல ஒருவரையொருவர் சுற்றிவரும் ஆட்ட வடிவம் ஒன்று உண்டு, அதில் தோளும் இடுப்பும் உரசுகிற நெருக்கத்தில் கடந்து போக வேண்டும். எதிரே வந்த பெண்ணின் நீள கவுனில் இருந்த லேஸ் அந்த வளையத்தில் மாட்டி நாலு விரல்கடை கிழிந்துவிட்டது. கவுனை நாங்களே காசு வாங்காமல் தைத்துக் கொடுத்தோம், ஆனால் அவருக்குக் கெட்டுப்போன அந்த மாலைப்பொழுதைத் தைத்துக் கொடுக்க முடியாதே. தப்பு ஆடியவர்மேல் இல்லை, விற்ற எங்கள்மேல்தான்.

"இதெல்லாம் பாரம்பரியம் இல்லை, ஆட்டத்துக்கு விடமாட்டார்கள்" என்று சிலர் பயமுறுத்துவார்கள். அப்படியெல்லாம் இல்லை. தனியாக மேடையில் போட்டிக்கு ஆடும் ஹைலேண்ட் நடனம் வேறு, அங்கே உடைக்குக் கறாரான விதிகள் உண்டு. நாம் பேசுவது நாலு ஜோடி எதிரெதிரே வரிசை கட்டி நின்று, அக்கார்டியனுக்கும் பிடிலுக்கும் கூடி ஆடுவது. வார நாள் வகுப்புக்கு அரைக்கால் சட்டையில் வருபவர்களும் இருக்கிறார்கள். பெரிய விருந்து என்றால் மட்டும் நுழைவுச்சீட்டில் உடை பற்றி என்ன போட்டிருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். 'ஹைலேண்ட் உடை' என்று இருந்தால் டார்டன் எனும் கட்டம் போட்ட கம்பளித் துணியில் தைத்த கில்ட்டோடு போவதே மரியாதை.

பாரம்பரியம் என்ற பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறோம். இடுப்புக்குக் கீழே மட்டும் கட்டும் இந்தச் சின்ன கில்ட்டே 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த புதுப்பாணிதான். 1746இல் பிரிட்டிஷ் அரசு சட்டம் போட்டுத் தடுத்தது, 1782இல் விட்டுவிட்டது. 200 வருஷத்துக்கு முந்தைய தையல்காரர் இன்றைய 8 கஜ கில்ட்டைப் பார்த்தால் இவ்வளவு துணி எதற்கு என்று கேட்பார், ஏனென்றால் அவர் 4 கஜத்தில் அகல மடிப்பு வைத்துத் தைத்துக்கொண்டிருந்தார். 2000இல் சியாட்டிலில் யுட்டிலிகில்ட்ஸ் என்ற நிறுவனம் பாக்கெட் வைத்த கில்ட் விற்கத் தொடங்கியதும் அந்த வரிசையில் இன்னொன்று, அவ்வளவுதான்.

ஆக, கவலைப்பட வேண்டியது துணியும் தையலும். சுழலும்போது கில்ட் குடை மாதிரி விரிந்து, நின்றதும் 'தப்'பென்று அடங்க வேண்டும். அந்த வேலையைச் செய்வது எடை. கஜத்துக்கு 16 அவுன்ஸ் கம்பளித் துணியில், இடுப்பிலிருந்து புட்டம் வரை மடிப்புகளை இறுக்கித் தைத்து, அதற்குக் கீழே விட்டுவிடுவோம். கொசுவம் போலக் கீழ்ப்பாதி தாராளமாக ஆடும், மேல்பாதி அசையாது. பாலிவிஸ்கோஸ் என்ற செயற்கை இழைத் துணியில் தைத்த மலிவான கில்ட் எடை குறைவு, ரீல் என்ற வேகமான ஆட்டத்தில் நீங்கள் நினைப்பதைவிட உயரப் பறக்கும் (உள்ளே கறுப்பு அரைக்கால் சட்டை போடுங்கள், உண்மையான ஸ்காட்லாந்துக்காரன் கில்ட்டுக்குள் எதுவும் போடமாட்டான் என்பார்கள், அதை நிரூபிக்கும் இடம் இது இல்லை). கேன்வாஸ் அதற்கு நேர்மாறு. எடை இருக்கிறது, ஆனால் விறைப்பு. மடிப்பும் குறைவாக இருந்தால் சுழலும்போது மணி மாதிரி மொத்தமாகத் திரும்பும். அசிங்கமாக இருக்காது, ஆனால் அந்த அலை வராது.

அடுத்தது இடுப்பு. பழைய பாணி கில்ட் தொப்புளை ஒட்டி உயரத்தில் நிற்கும், கீழ் ஓரம் முட்டியின் நடுவில் முடியும். நவீன கில்ட்டைப் பேன்ட் போடும் இடத்தில் போடுகிறோம். குதித்துக் குதித்து ஆடும்போது அது மெல்ல மெல்ல இறங்கும், முட்டியை மறைக்கும், காலைத் தூக்க முடியாது. பெல்ட்டை இறுக்கினால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள், மூச்சுதான் முட்டும். பிரஸ் பட்டனும் அப்படித்தான், உட்காரும்போது சமர்த்தாக இருக்கும், எட்டாவது சுற்றில் படீரென்று திறந்துகொள்ளும். தோல் வாரும் பக்கிளும் இந்தத் தொல்லை தராது.

கேன்வாஸுக்கு ஒரு பெரிய பாக்கியம் உண்டு, அதையும் மறைக்கக் கூடாது. இரண்டு மணி நேரம் ஆடி வேர்த்து நனைந்தாலும் வீட்டுக்குப் போய் வாஷிங் மெஷினில் போட்டு எடுத்துவிடலாம். கம்பளியை அப்படிப் போட்டால் சுருங்கிவிடும், அப்புறம் அதை உங்கள் பேரன்தான் கட்ட வேண்டும். வாரா வாரம் வகுப்புக்குப் போகிறவர்கள் கேன்வாஸைத் தேடுவதன் ரகசியம் இதுதான்.

அதனால் இனி எங்கள் கடையில் கில்ட் கேட்டால், எங்கே போட்டுக்கொள்ளப் போகிறீர்கள் என்று முதலில் கேட்போம், கோபித்துக்கொள்ளாதீர்கள். நடனத்துக்கு என்றால் வளையம், வெளிப்பாக்கெட், இரும்புக் குமிழ் எதுவும் இல்லாமல், பக்கிள் வைத்து, கொஞ்சம் உயர்த்திக் கட்டும்படி தைத்துத் தருவோம். பாக்கெட் இல்லாமல் முடியாது என்பவர்களுக்கு மடிப்புக்கு உள்ளே தட்டையாக ஒன்று வைக்கலாம், ஆனால் அதில் போன் வைத்துக்கொண்டு ஆடாதீர்கள்.

ஏற்கெனவே எங்களிடம் வாங்கியவர்கள் அக்டோபர் கடைசிக்குள் கில்ட்டைக் கொண்டுவந்தால் வளையத்தையும் பட்டனையும் இலவசமாக மாற்றித் தருகிறோம். வரும்போது ஆட்டத்துக்குப் போடும் மெல்லிய தோல் செருப்பையும் கையோடு எடுத்து வாருங்கள், அதைப் போட்டு நிற்க வைத்துத்தான் நீளம் அளப்போம். சனிக்கிழமை கூட்டம் அதிகம், வார நாளில் வந்தால் நிதானமாகப் பார்க்கலாம்.

அன்புடன்,
தையல் மேசையிலிருந்து