அக்காவுக்கு, சுங்கை சிப்புட்டிலிருந்து

சுங்கை சிப்புட், பேராக், மலேசியா
ஞாயிறு இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொள்வது. நலம், நலமறிய ஆவல். திருமயத்துக்காரர் உன் கடிதத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். நீ போனில் சொல்லாமல் தாளில் எழுதியபோதே விஷயம் பெரிதென்று தெரிந்துவிட்டது. நானும் தாளிலேயே எழுதுகிறேன். போனில் பேசினால் பெரிய அண்ணி ஸ்பீக்கரைப் போட்டுவிடுவார், தெருவே கேட்கும்.

என்னைப் பற்றிக் கேட்டிருந்தாய். ஒரு குறையும் இல்லை. கீழே கடை, மாடியில் அறை. விடியும் முன் அடுப்பைப் பற்றவைத்தால் பத்து மணிவரை தோசைக்கல்லை விட்டு நகர முடியாது. இங்கே பசியாற வருகிறவர்களுக்குத் தோசையோடு சட்னி, சாம்பார் மட்டும் போதாது, மீன் குழம்பும் ஊற்ற வேண்டும். காலை ஏழு மணிக்கு மீன் குழம்பு! அப்பா இருந்திருந்தால் இலையைத் தள்ளிவிட்டு எழுந்திருப்பார். எனக்குப் பழகிவிட்டது. நாசி லெமாக்கும் பிடித்துப்போனது. தேங்காய்ப்பாலில் வெந்த சோறு, மேலே காரச் சம்பல், வறுத்த நெத்திலி, வேர்க்கடலை, வெள்ளரித்துண்டு, அரை முட்டை. எல்லாவற்றையும் வாழையிலையில் பொட்டலமாக மடித்துத் தருவார்கள்.

சாப்பாடு கடையிலேயே முடிந்துவிடுகிறது, அறைக்கு வாடகை இல்லை, எனக்கென்று செலவே கிடையாது. இந்த மாதப் பணம் மட்டும் அடுத்த மாதத்தோடு சேர்ந்து வரும். முதலாளி புது மேசை நாற்காலி போடுகிறார், அதனால் எல்லோருக்குமே சம்பளம் சற்றுத் தள்ளிப்போயிருக்கிறது. வேறொன்றுமில்லை. அத்தானிடம் சொல்லிக்கொண்டிருக்காதே.

கிராணியம்மாவைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன் அல்லவா? அதே நாய்க்காரம்மாதான். புருஷன் தோட்டத்தில் கிராணியாக, அதாவது கணக்கெழுதுகிறவராக, இருந்து காலமானவர். ஊர்க்கோடியில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய வீட்டில், கொல்லை முழுக்க வேலி போட்டு நாய்களை வைத்திருக்கிறார். எல்லாம் பிறர் கைவிட்டவை. தோட்டத்து லயங்களை, அந்த வரிசை வீடுகளை, காலி செய்துகொண்டு சனங்கள் தாமான் என்கிற புதுக் குடியிருப்பு வீடுகளுக்கும் அடுக்குமாடிக்கும் போகும்போது, லாரியில் தையல் மெஷின் ஏறும், சாமி படம் ஏறும், நாய் ஏறாது. அடுக்குமாடியில் நாய் வளர்க்க விடமாட்டார்கள். வெற்று லயத்தின் வாசலிலேயே அது காத்துக் கிடக்கும். யாராவது வந்து சொல்வார்கள், கிராணியம்மா டாக்சியோ வேனோ பிடித்துப் போய்த் தூக்கிவருவார்.

வெள்ளைக்காரர்கள் தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்ற காலத்தில், 1960இல், இந்த ஊர்க்காரரும் அன்றைக்கு அமைச்சருமான துன் சம்பந்தன் தோட்டத் தொழிலாளர்களிடம் சிறுகச் சிறுகப் பணம் திரட்டித் தோட்டங்களையே வாங்குவதற்குக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார். கிராணியம்மாவின் மாமனாரும் அதில் பங்கு போட்டவராம். "மனுஷன் தெருவுக்கு வராமல் இருக்க அன்றைக்கு ஒரு சங்கம் இருந்தது. நாய்க்கு நான்தான் சங்கம்" என்பார். வாய் கொஞ்சம் அதிகம். ஆனால் இந்த ஊரில் என்னை உட்காரச் சொல்லிக் கோப்பி கொடுக்கும் ஒரே வீடு அது. விடுமுறை நாளில் அறையில் சும்மா கிடப்பதற்கு அங்கே போய்த் தண்ணீர் பிடித்து ஊற்றிக் கழுவிவிட்டு வருகிறேன். கடையில் மிஞ்சும் சோற்றையும் கொண்டுபோவேன், ஆனால் வெறும் சோறாகத்தான் இருக்க வேண்டும். வெங்காயம் நாயின் ரத்தத்தைக் கெடுக்கும் என்பதால் குழம்பு பட்ட சோறு அந்த வாசலைத் தாண்டாது. பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பெரியவர் நாயைத் தொடமாட்டார், ஆனாலும் பசாரில் மிஞ்சும் மீன்தலைகளை ஒரு பையில் கட்டி வேலியில் மாட்டிவிட்டுப் போவார்.

அங்கே மைலோ என்று ஒரு நாய். பழுப்பு நிறம் என்பதால் மைலோ என்கிற சத்துபானத் தூளின் பெயர், இங்கே பாதி நாய்களுக்கு அதுதான் பெயர். வயது ஏழு இருக்கலாம், மோவாய் நரைத்துவிட்டது. குட்டியாக இருந்தபோது ஈப்போவில் ஒரு வீட்டார் கொண்டுபோனார்கள். அவர்களுக்குக் குழந்தை பிறந்ததும் திருப்பிக் கொண்டுவந்து விட்டார்கள். அப்புறம் ஒரு பட்டறைக்காரர் கொண்டுபோனார். இரவெல்லாம் ஊளையிடுகிறது என்று அக்கம்பக்கத்தார் நகராண்மையில் புகார் கொடுக்க, அங்கிருந்தும் திரும்பி வந்தது. அதற்குப் பிறகு அதைக் கேட்டு யாரும் வரவில்லை. வருகிறவர்களுக்குக் குட்டி வேண்டும், அதுவும் சாதி நாய்க்குட்டி, முடிந்தால் வெள்ளையாக.

வேலிக்கு வெளியே கார் நிற்கிற சத்தம் கேட்டால் போதும், மற்ற நாய்களெல்லாம் குரைக்கும். மைலோ குரைக்காது. ஓடிப்போய்த் தன் அலுமினியத் தட்டைக் கவ்விக்கொண்டு வந்து கதவோரம் உட்காரும். அந்தத் தட்டின் விளிம்பு ஒரே இடத்தில் பல் பட்டுப் பட்டு நெளிந்திருக்கிறது. யாராவது பார்த்தால் தட்டைக் கீழே வைத்துவிட்டு வலக்காலை நீட்டும். யார் வீட்டில் கற்றதோ தெரியவில்லை. இன்று ஒரு குடும்பம் வந்தது. சிறு பெண் அதன் காலைப் பிடித்துக் குலுக்கினாள், தாய்க்காரி கையைக் கழுவச் சொன்னாள், இரண்டு மாதக் குட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு போனார்கள். கார் திரும்பும்வரை பார்த்திருந்துவிட்டு மைலோ தட்டை எடுத்துக்கொண்டு பழைய இடத்துக்கே போய்விட்டது.

கிராணியம்மாவும் சுலபமாகக் கொடுத்துவிடமாட்டார். மாப்பிள்ளை வீட்டை விசாரிப்பது போல விசாரிப்பார். சொந்த வீடா வாடகையா, வேலி உண்டா, பகலில் வீட்டில் யார், சங்கிலியில் கட்டிப்போடுவீர்களா. வளர்ந்த நாயென்றால் கருத்தடை செய்து தடுப்பூசி போட்டுத்தான் தருவார். லைசென்ஸ் எடுத்தீர்களா என்று அப்புறம் நேரில் போய்க் கேட்கிற ஆள். கோலகங்சாரிலிருந்து ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர், வளர்ந்த நாயே போதும் என்று சொல்லி வரப்போகிறாராம். பார்ப்போம். "நீயே எடுத்துக்கொள்ளேன்" என்றார் என்னிடம். மாடி அறையில் நாங்களே நெருக்கிப் படுக்கிறோம். எனக்கே வருடா வருடம் பெர்மிட்டைப் புதுப்பித்தால்தான் உண்டு, இதில் நாய்க்கு எங்கே லைசென்ஸ் எடுப்பது?

அக்கா, இங்கே திரும்பிய பக்கமெல்லாம் பனைதான். ஆனால் நுங்கு கிடையாது, கிழங்கு கிடையாது. குலை குலையாக எண்ணெய்ப் பழம் வெட்டி லாரியில் ஆலைக்குப் போகிறது. சாயங்காலம் மழை பெய்து ஓய்ந்ததும் அந்த மரங்களுக்குள் நடந்துபோனேன். தை மாதத்தில் நீயும் நானும் கொல்லையில் கிழங்கு பிடுங்கியதும், அம்மா மஞ்சளும் உப்பும் போட்டு வேகவைத்து, நார் உரித்து, எனக்கு நுனியும் உனக்கு அடியுமாக ஒடித்துக் கொடுப்பதும் ஞாபகம் வந்துவிட்டது. அங்கேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். கொசு விடவில்லை, திரும்பிவிட்டேன். போகட்டும்.

இனி நீ எழுதிய விஷயம். அம்மா ஆறு மாதம் திருப்பூரில் பெரியண்ணன் வீட்டிலும் ஆறு மாதம் ஆவடியில் சின்னண்ணன் வீட்டிலும் இருப்பாள், ஊர் வீட்டை வாடகைக்கு விடுவது என்று அண்ணன்மார் இருவரும் முடிவு செய்துவிட்டார்களாம். அம்மாவிடம் யாராவது கேட்டார்களா? உன் கடிதத்தில் அது இல்லை. போன முறை திருப்பூரில் இருந்தபோது அம்மா பையைப் பிரிக்காமலே வைத்திருந்தாள் என்று நீதானே சொன்னாய். ஒரு வீட்டிலிருந்து அனுப்புவதும் இன்னொரு வீட்டில் எடுத்துக்கொள்வதுமாக அவளை அலைக்கழிப்பதில் எனக்குச் சம்மதமில்லை. இதை என் பெயரைச் சொல்லியே அண்ணனிடம் சொல். கோபித்தால் கோபிக்கட்டும்.

இன்னொன்று. அப்பா உயில் எழுதவில்லை. அப்படியென்றால் அந்த வீட்டில் அம்மாவுக்கும் நம் நாலு பேருக்கும் சம பங்கு. பெண் என்பதால் உனக்கு இல்லை என்று சின்னண்ணி சொன்னால் நம்பாதே. சட்டப்படி ஐந்தில் ஒன்று உன்னுடையது, ஐந்தில் ஒன்று அம்மாவுடையது. அம்மாவைக் கேட்காமல் வாடகைக்கு விட யாருக்கும் உரிமை இல்லை. எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதே, அம்மாவின் கைநாட்டையும் வாங்க விடாதே. என்னிடம் பொது அதிகாரப் பத்திரம் கேட்டு அண்ணன் செய்தி அனுப்பியிருந்தார். அதற்குக் கோலாலம்பூரில் இந்தியத் தூதரகத்துக்குப் போகவேண்டும், இப்போதைக்கு லீவு கிடைக்காது என்று சொல்லிவிட்டேன். லீவு கிடைத்தாலும் போகமாட்டேன், அது நமக்குள் இருக்கட்டும்.

அம்மாவின் முதியோர் உதவித்தொகையும் ரேஷன் அட்டையும் ஊர் விலாசத்தில்தான் இருக்கின்றன. ஆளை ஊர் ஊராக மாற்றினால் அதுவும் நின்றுபோகலாம், அதைச் சொன்னால் அண்ணிமார் யோசிப்பார்கள். இரவில் துணைக்குப் படுக்க மேலவீட்டுச் சித்தி வருவாரா என்று கேட்டுப் பார். மாதம் ஏதாவது கொடுக்கவேண்டுமென்றால் நான் அனுப்புகிறேன். அடுத்த மாதத்திலிருந்து.

திருமயத்துக்காரர் வெள்ளிக்கிழமைத் திருச்சி விமானத்தில் வருகிறார். கோடாலித் தைலம் நாலு குப்பி கொடுத்திருக்கிறேன், அம்மாவுக்கு இரண்டு, உனக்கு ஒன்று, சித்திக்கு ஒன்று. பாப்பாவுக்கு மைலோ டின். உன் பதிலையும் அப்பா பேரில் உள்ள பட்டாவின் நகலையும் அவர் திரும்புவதற்குள் அவர் வீட்டில் சேர்த்துவிடு. பட்டா அம்மாவின் டிரங்குப் பெட்டியில், புடவைக்கு அடியில் இருக்கும். பெரியண்ணன் பொங்கலுக்கு ஊருக்கு வருவதற்கு முன் எடுத்துவிடு.

அன்புத் தம்பி