வார்ட்டுக்குப் பொறுப்பெடுத்த மகளுக்கு

அன்பு மகளுக்கு,

நாங்கள் சுகம். அப்பாவுக்கு முழங்கால் நோ கொஞ்சம் குறைவு, ஆனாலும் சைக்கிளை விடமாட்டேன் என்கிறார். பின் வளவு மாமரம் இந்த முறை நன்றாகப் பூத்திருக்கிறது. பனியில் கொட்டாமல் நின்றால் சரி.

போனில் சொன்னால் "ஓம் அம்மா, ஓம் அம்மா" என்றுவிட்டு வேறு கதைக்குத் தாவிவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். கடிதம் என்றால் ஆறுதலாகப் படிக்கலாம், கோபம் வந்தால் கிழித்தும் போடலாம்.

ஆஸ்பத்திரியில் உன்னை வார்ட்டுக்குப் பொறுப்பாகப் போட்டதில் எங்களுக்குப் பெரிய சந்தோசம். அப்பா நல்லூருக்குப் போய் அர்ச்சனை செய்துவிட்டு வந்தார். உனக்குச் சொல்ல வேண்டாம் என்றார், சொல்லிவிட்டேன். ஆனால் அன்றிலிருந்து நீ போன் எடுக்கும்போதெல்லாம் ஒரே முறைப்பாடுதான். யாருக்கு எந்த நாள் வேலை என்கிற ரோஸ்டரை நீயே போடுகிறாய். சாமான் அலுமாரிக் கணக்கை மற்றவர்கள் பார்த்த பிறகு நீ இன்னொரு முறை பார்க்கிறாய். புதிதாக வந்த பிள்ளை எழுதிய குறிப்பை எடுத்துத் திருத்தி எழுதுகிறாய். எல்லாரும் வீட்டுக்குப் போன பிறகும் நீ நிற்கிறாய். ஏன் என்று கேட்டால், "அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிற நேரத்தில் நானே செய்து முடித்துவிடுவேன்" என்கிறாய். அது போதாது என்று விடிய ஐந்து மணிக்கு எழும்பித் தலைமைத்துவம் பற்றிய வீடியோ பார்க்கிறாயாம். தோல் அட்டை போட்ட டயரி வாங்கி, பழக்க வேண்டிய பழக்கங்களை வரிசையாக எழுதி வைத்திருக்கிறாயாம்.

அந்த வரிசையைக் கொஞ்ச நாள் மூடி வை. உனக்கு இப்போது வேண்டியது ஒரே ஒரு பழக்கம்தான். உன் கையில் இருக்கிற வேலையை இன்னொருத்தியிடம் கொடுத்துவிட்டு, அவள் தட்டுத்தடுமாறிச் செய்து முடிக்கும்வரை நீ கை வைக்காமல் நிற்கப் பழக வேண்டும். சொல்ல லேசு. எனக்குத் தெரிந்த கெட்டிக்காரர் பலருக்கு இது கடைசிவரை வரவில்லை.

அம்மப்பாவின் தோட்டத்தில், கிணற்றில் தண்ணீர் இறைக்கிற ஏற்றம், துலா என்போமே, அது நின்ற காலம் எனக்கு மங்கலாகத்தான் நினைவிருக்கிறது. மிச்சம் உன் பெரிய மாமா சொல்லக் கேட்டது. துலா இறைப்பு மூன்று பேர் வேலை. ஒருவர் துலாவில் ஏறி முன்னும் பின்னும் நடந்து மிதிக்க வேண்டும். ஒருவர் கிணற்றடியில் நின்று தண்ணீர் அள்ளுகிற பட்டையைப் பிடித்துச் சரிக்க வேண்டும். மற்றவர் தோட்டத்துக்குள் மண்வெட்டியோடு நின்று, ஒரு பாத்தி நிரம்பியதும் வாய்க்காலை மறித்து அடுத்த பாத்திக்குத் திருப்ப வேண்டும். திருப்பப் பிந்தினால் வரம்பு உடைக்கும். இரண்டு பேர் மூச்சு வாங்க இறைத்த தண்ணீர் ஒழுங்கைக்குப் போகும். அதுவும் அது பங்குக் கிணறு. எங்கள் முறை முடிந்தால் அடுத்த முறை வரும்வரை வெங்காயம் காயத்தான் வேண்டும்.

மூன்று வேலையும் அம்மப்பாவுக்குக் கைவந்தது. ஆனாலும் சின்னப் பொடியனாக இருந்த மாமாவைத்தான் தண்ணீர் திருப்ப விட்டாராம். முதல் நாளே வரம்பு உடைத்தது. துலாவில் நின்ற சித்தப்பா மேலிருந்தே பேசத் தொடங்கிவிட்டார். அம்மப்பா பட்டையை விட்டுவிட்டு ஓடிப் போகவில்லை. இறைப்பை நிறுத்தச் சொல்லிவிட்டு, நின்ற இடத்தில் நின்றே, "பாத்தி நிரம்பினாப் பிறகு மறிக்காதை, முக்கால்வாசி வரேக்கை மறி. வாய்க்காலுக்குள்ளை இருக்கிற தண்ணி மிச்சத்தை நிரப்பும்" என்றாராம். அவ்வளவுதான். மாமாவே மண் வெட்டிப் போட்டு வரம்பைக் கட்டினார். பிறகு அம்மப்பா நெருப்புக் காய்ச்சலில் கிடந்தபோது தோட்டம் காயவில்லை. மாமாவுக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது, இன்றைக்கும் "முக்கால்வாசி" என்று அந்தக் கதையைத்தான் சொல்வார்.

நீ என்றால் என்ன செய்திருப்பாய் சொல். மண்வெட்டியைப் பறித்து நீயே கட்டியிருப்பாய். அன்றைய தண்ணீர் மிஞ்சியிருக்கும். மாமாவுக்கு அந்த வேலை பிறகு வந்திருக்காது.

இதில் எனக்குப் பிடிபடாத ஒன்று உண்டு. உங்கள் வேலையிலேயே ஒப்படைப்பு என்று ஒன்று இருக்கிறது. ஒரு சிஃப்ட் முடிந்து மற்ற சிஃப்ட் வரும்போது, எந்தக் கட்டிலில் யார், என்ன மருந்து கொடுத்தது, எதைக் கவனிக்க வேண்டும் என்று ஒன்றும் விடாமல் சொல்லிக் கொடுத்துவிட்டுத்தான் போவோம் என்று நீதானே சொன்னாய். உயிரையே மற்றவர் கையில் கொடுத்துவிட்டு வரத் தெரிந்த உனக்கு, ஒரு ரோஸ்டரைக் கொடுக்க மனம் வரவில்லையா? மருந்தை இரண்டு பேர் பார்க்க வேண்டும் என்று விதி இருந்தால் அது வேறு, அதில் நான் தலையிடவில்லை. பஞ்சும் கையுறையும் எத்தனை பெட்டி இருக்கிறது என்று எண்ணுவதற்கு வார்ட் பொறுப்பாளர் தேவையா என்றுதான் கேட்கிறேன்.

யாழ்ப்பாண நூலகம் திரும்பத் திறந்த புதிதில் உன்னைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போவேன். சிறுவர் பகுதியை விட்டு எழும்ப மாட்டாய். அந்த நூலகம் எப்படித் தொடங்கியது என்று உனக்குச் சொன்னேனோ தெரியாது. 1933இல் கே. எம். செல்லப்பா தன் வீட்டில் இருந்த புத்தகங்களை மற்றவர்கள் படிக்கக் கொடுத்ததில் தொடங்கியது. அடுத்த வருடம் ஊர்ப் பெரியவர்களைக் கூட்டிச் சபை அமைத்து, ஆஸ்பத்திரி வீதியில் வாடகை அறை ஒன்றில் 844 புத்தகங்களோடு வாசிகசாலை திறந்தார்கள். 1935இல் அதை நகரசபையிடமே கொடுத்துவிட்டார்கள். பார், எவ்வளவு கெதியாகக் கையை எடுத்துவிட்டார்கள். வீட்டிலேயே வைத்திருந்தால் நல்லதொரு வீட்டு நூலகமாக இருந்திருக்கும், அவருடைய காலத்துக்குப் பிறகு பழைய புத்தகக்காரனுக்குப் போயிருக்கும். 1959இல் அந்த வெள்ளைக் கட்டடம் எழும்பித் திறந்தது. 1981இல் எரித்தபோது 97,000 அளவில் புத்தகங்கள் போயின. எனக்கு அப்போது பதினெட்டு வயது, அதைப் பற்றி இங்கே எழுதத் தொடங்கினால் கடிதம் வேறு பக்கம் போய்விடும். ஆனால் எரிந்தது செல்லப்பாவின் நூலகம் என்று ஒருவரும் சொல்லவில்லை, எங்கள் நூலகம் என்றுதான் ஊர் அழுதது. அப்படி எங்களுடையது என்று நினைக்க ஆட்கள் இருந்ததால்தான் அது இன்றைக்குத் திரும்ப நிற்கிறது என்பது என் எண்ணம்.

சரி, பெரிய ஆட்களை விடு. எங்கள் மாதர் சங்கத்தைச் சொல்கிறேன், அது உனக்கு இன்னும் பயன்படும்.

முன்பு இருந்த தலைவி நல்ல உழைப்பாளி. விடிய வந்தால் பொழுதுபட்டுத்தான் போவார். ஆனால் களஞ்சியத் திறப்பு அவரிடம், சீல் அவரிடம், வங்கிப் புத்தகம் அவருடைய வீட்டு அலுமாரிக்குள். மகளின் பிள்ளைப்பேற்றுக்குக் கொழும்புக்குப் போனார். இங்கே மிளகாய்த்தூள் இடிப்பு அப்படியே நின்றுவிட்டது. வாங்கின மல்லி பூஞ்சணம் பிடித்தது. திரும்பி வந்து, "நான் இல்லாவிட்டால் ஒன்றும் நடக்காது" என்று எல்லாரிடமும் சொன்னார். அதில் அவருக்குக் கவலையைவிடப் பெருமைதான் கூட இருந்தது. நீ உன் வார்ட்டைப் பற்றிக் கதைக்கும்போது அந்தக் குரல் சாடையாகக் கேட்கிறது, கோபிக்காதே.

அவருக்குப் பிறகு வந்தவர் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தினவர். மேடையில் நின்று கதைக்க வராது. நாங்களே யோசித்தோம், இவரால் ஏலுமா என்று. முதல் கூட்டத்திலேயே ஒருவரும் கேட்க முன்னம் வரவு செலவை வாசித்துவிட்டுக் கொப்பியைச் சுற்றுக்கு விட்டார். அதற்கு முன் சங்கத்தில் கணக்குக் கேட்பதென்றால் சண்டைக்குப் போவதாகத்தான் அர்த்தம். இப்போது கேட்கத் தேவையில்லாமல் போய்விட்டது. இன்னொன்று, எந்தக் கதை வந்தாலும் வயது குறைந்த பிள்ளையைத்தான் முதலில் கதைக்க விடுவார். பெரியவர்கள் முதலில் சொல்லிவிட்டால் சின்னவர்கள் தலையை ஆட்டுவதோடு சரி, மனதில் இருப்பது வெளியே வராது. இந்த இரண்டையும் எங்கே படித்தார் என்று கேட்டேன். "இதையெல்லாம் ஆர் படிப்பிச்சவை ரீச்சர்" என்று சிரித்தார்.

ஒரு முறை புதிதாக வந்த பிள்ளை மல்லியைக் கருக்கிவிட்டாள். மல்லி கருகினால் தூள் முழுக்கக் கைக்கும், மிளகாயைக் கூட்டினாலும் மறைக்க ஏலாது. அவள் அழுதுகொண்டு நின்றாள். தலைவி அந்த மல்லியை ஒதுக்கி வைத்துவிட்டுக் கணக்குக் கொப்பியில் நட்டம் என்று எழுதினார், அவளுடைய பெயரை எழுதவில்லை. பிறகு அவளையே அடுத்த தாச்சியை வறுக்கச் சொன்னார். பக்கத்தில் நின்று சொன்னது ஒன்றுதான்: "நிறத்தைப் பார்க்காதை, மணத்தைப் பார். மணம் எழும்பின உடனே இறக்கு. இறக்கினாப் பிறகும் தாச்சிச் சூட்டிலை வறுபடும்." இப்போது எங்கள் சங்கத்தில் வறுப்புக்கு அவள்தான். நான் அனுப்புகிற தூள் அவள் வறுத்தது, நீ நல்ல வாசம் என்று சொன்னாயே, அதுதான்.

உன்னிடம் வந்த அந்தப் புதுப் பிள்ளையின் குறிப்பை நீ திருத்தி எழுதும்போது, எது பிழை என்று அவளுக்குத் தெரிகிறதா? தெரியாவிட்டால் அடுத்த முறையும் அப்படித்தான் எழுதுவாள். நீயும் அடுத்த முறையும் திருத்துவாய். அப்புறம், "ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது அம்மா" என்று எனக்குப் போன் எடுப்பாய்.

இனி அந்த ஐந்து மணிக் கதை. 1990இல் போரால் மின்சாரம் நின்ற பிறகு இங்கே பிள்ளைகள் ஜாம் போத்தல் விளக்கில் படித்துத்தான் சோதனை எழுதினார்கள். அந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு மன உறுதி கூட என்று இப்போது மேடைக்கு மேடை பேசுகிறார்கள். நான் அந்தப் பிள்ளைகளுக்குப் படிப்பித்தவள். மன உறுதி பாதி என்றால் மண்ணெண்ணெய் பாதி. எண்ணெய் விற்ற விலைக்குப் போத்தலின் அடியில் கொஞ்சம்தான் விடுவார்கள். அது இருக்கும்வரைதான் வெளிச்சம். அதனால் விளக்குக் கொளுத்தியவுடன் கொப்பி திறபடும், எண்ணெய் முடிந்தால் படுக்கை. எப்போது முடியும் என்று தெரிந்தால் எப்போது தொடங்க வேண்டும் என்று ஒருவரும் சொல்லித்தரத் தேவையில்லை. உனக்கு எந்நேரமும் வெளிச்சம் இருக்கிறது, அதுதான் கரைச்சல். வேலை எப்போது முடியும் என்று ஒரு கோடு இல்லை. பன்னிரண்டு மணிக்குப் படுத்தவள் ஐந்துக்கு எழும்பி வீடியோ பார்த்து என்ன கண்டாய்? ஏழு மணித்தியாலம் நித்திரை கொள். சிஃப்ட் முடிகிற நேரத்தில் உடுப்பை மாற்று. முதல் கிழமை உன் கால் வார்ட்டுக்குள் திரும்பப் போகப் பார்க்கும், போக விடாதே.

டயரியை வீணாக்காதே, காசு கொடுத்து வாங்கினது. ஒவ்வொரு நாளும் இரவு அதில் ஒரு வரி எழுது: இன்றைக்கு நான் செய்த வேலையில் இன்னொருத்தி செய்திருக்கக்கூடியது எது? அதற்கு நேரே ஆளின் பெயரையும் எழுது. பெயர் எழுதாவிட்டால் அது அப்படியே கிடக்கும், எங்கள் சங்கக் கொப்பியில் "யாராவது பார்க்க வேண்டும்" என்று எழுதினதெல்லாம் கிடந்த மாதிரி.

ரோஸ்டரில் இருந்து தொடங்கு. கேரளாப் பிள்ளை ஒருத்தி நல்ல பொறுப்பு என்று சொன்னாயே, அவளிடம் கொடு. கொடுக்கும்போது, யாருக்கு எந்த நாள் ஏலாது, ஓர் இரவுக்குக் குறைந்தது எத்தனை பேர் வேண்டும், எத்தனையாம் திகதிக்குள் போட்டு ஒட்ட வேண்டும் என்ற மூன்றையும் தெளிவாகச் சொல்லு. எப்படிப் போட வேண்டும் என்று சொல்லாதே, அது அவளுடைய வேலை. முதல் முறை எங்காவது பிழைக்கும். இரண்டு பேர் ஒரே நாளில் லீவு கேட்டதைக் கவனிக்காமல் விட்டிருப்பாள், நைற் செய்தவளை அடுத்த நாள் பகலுக்குப் போட்டிருப்பாள். ஒட்ட முன்னம் பார்த்துச் சொல்லு, திருத்துவதை அவளிடமே விடு. அவள் போட்டது நன்றாக வந்தால் மேலிடத்தில் அவளுடைய பெயரைச் சொல்ல மறக்காதே. இந்த இடத்தில்தான் நிறையப் பேர் வழுக்குவார்கள்.

மாமியின் மகன் மாசி கடைசியில் லண்டனுக்கு வருகிறான். தூளும் ஒடியல் மாவும் கொஞ்சப் புழுக்கொடியலும் அவனிடம் கொடுத்துவிடுகிறேன். தூளைக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வை, வெளியே வைத்தால் மணம் போய்விடும். ஞாயிற்றுக்கிழமை நீ மத்தியானம் எடுத்தால் எங்களுக்குப் பின்னேரம், அப்பாவும் வீட்டில் நிற்பார். எடுத்தவுடன் சாப்பிட்டாயா என்று கேட்க மாட்டேன். ரோஸ்டர் யார் போட்டது என்றுதான் கேட்பேன்.

அன்புடன்,
அம்மா