பொங்கலுக்கு அப்புறம் சொன்னா லேட்டு சார்: வடசென்னை காலேஜ் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

வடசென்னை காலேஜ்கள்ல பாடம் எடுக்கற சார், மேடம் எல்லாருக்கும் வணக்கம்.

நான் தண்டையார்பேட்டை பையன். அப்பா காசிமேட்டுல போட் இன்ஜின் மெக்கானிக், அம்மா வாசல்லயே இட்லி கடை. உங்க காலேஜ் மாதிரி ஒரு காலேஜ்லதான் பிஎஸ்சி கெமிஸ்ட்ரி முடிச்சேன், அப்புறம் ஐரோப்பிய யூனியன் குடுக்கற எராஸ்மஸ் முண்டஸ் ஸ்காலர்ஷிப் கிடைச்சு யூரோப்ல ரெண்டு வருஷம் மாஸ்டர்ஸ் படிச்சிட்டு ஊருக்கே திரும்பி வந்துட்டேன். இப்போ சனிக்கிழமை சாயந்திரம் எங்க ஏரியா பசங்களுக்கு வெளிநாட்டு படிப்பு ஸ்காலர்ஷிப்புக்கு அப்ளிகேஷன் போட உதவி பண்றேன், அங்க உக்காந்து பார்த்ததுலதான் இந்த லெட்டர எழுதணும்னு தோணுச்சு.

போன மாசம் வியாசர்பாடியிலருந்து ஒரு பொண்ணு வந்துச்சு, ஃபைனல் இயர், நல்லா படிக்கற பொண்ணு. வெளிநாட்டுக்கு படிக்க அனுப்பற ஒரு கன்சல்டன்சில ஸ்காலர்ஷிப் வாங்கித்தர ப்ராசஸிங் ஃபீஸ் 15,000 ரூபான்னு சொல்லியிருக்காங்க, அவங்க அம்மா கம்மல அடகு வெக்க ரெடியா இருக்காங்க, "அண்ணா கட்டலாமா"ன்னு கேட்டுச்சு. யுனிவர்சிட்டி அப்ளிகேஷன் ஃபீஸ் கேக்கறது வேற, ஆனா ஸ்காலர்ஷிப் குடுக்கறேன்னு சொல்றவங்க உன்கிட்ட காசு கேட்டா அது ஸ்காலர்ஷிப்பே இல்லம்மான்னு சொல்லி அனுப்பினேன். இந்த ஒரு வரிய அந்த பொண்ணுக்கு மூணு வருஷத்துல காலேஜ்ல ஒருத்தரும் சொல்லல, அதான் எனக்கு ரொம்ப வலிக்குது. நிறைய கன்சல்டன்சிக்கு கமிஷன் வர்றது ஃபீஸ் வாங்கற யுனிவர்சிட்டிகிட்டருந்துதான், ஃபீஸே இல்லாத இடத்த பத்தி அவங்க எதுக்கு பேசப்போறாங்க? அத சொல்ல வேண்டியவங்க நீங்கதான்.

என் கதையையும் சொல்லிடறேன். முதல் தடவ நான் அப்ளை பண்ணப்போ மார்க் இருந்துச்சு, எஸ்ஸே எழுதி முடிச்சிட்டேன், எல்லாம் சரியா இருந்தும் காலேஜ் சார் குடுக்க வேண்டிய ரெகமன்டேஷன் லெட்டர்ல போச்சு. அப்ளை பண்ற போர்ட்டல்ல சாரோட ஈமெயில் ஐடி குடுத்தா அவருக்கே லிங்க் போகும், அவர்தான் உள்ள போய் லெட்டர அப்லோட் பண்ணணும், நாம கையில வாங்கி போட முடியாது. எங்க சார் நல்ல மனுஷன், "நீயே எழுதி எடுத்துட்டு வாப்பா நான் சைன் போடறேன்"ன்னு சொன்னாரு, அவருக்கு காலேஜ் ஈமெயில் ஐடியே கிடையாது, சொந்த மெயில்ல லிங்க் ஸ்பேம்ல போய் உக்காந்துச்சு, அவரும் பாக்கல, நானும் தினமும் போய் கேக்க கூச்சப்பட்டுட்டு விட்டுட்டேன், டேட் முடிஞ்சிடுச்சு. ஒரு வருஷம் போச்சு சார். அந்த வருஷம் பூரா ஒரு லேப்ல 11,000 ரூபா சம்பளத்துக்கு வேலை பார்த்தேன். அடுத்த வருஷம் அதே கோர்ஸ், அதே மார்க், அதே சார், இந்த தடவ அவர் பக்கத்துலயே உக்காந்து அப்லோட் பண்ண வெச்சேன், கிடைச்சிடுச்சு.

அந்த எராஸ்மஸ் முண்டஸ் ஸ்காலர்ஷிப்ல மாசம் 1,400 யூரோ, ரெண்டு வருஷத்துக்கு, யுனிவர்சிட்டி ஃபீஸ் எதுவும் கட்ட வேணாம். டிகிரி முடியறதுக்கு முன்னாடியே, ஃபைனல் இயர்லயே அப்ளை பண்ணலாம். ஆனா பெரும்பாலான கோர்ஸுக்கு அக்டோபர்லருந்து ஜனவரிக்குள்ள எல்லாம் முடிஞ்சிடும். நம்ம காலேஜ்கள்ல அப்ராட் படிப்பு பத்தி ஒரு கெஸ்ட் லெக்சர் வெச்சா எப்போ வெக்கறாங்க? பொங்கல் லீவு முடிஞ்சு, பிப்ரவரில, ஃபேர்வெல்லுக்கு முன்னாடி. அப்போ கேட்டு என்ன பண்றது, கைக்கு எட்டினது வாய்க்கு எட்டலன்னு ஆகிடுது.

ஜெர்மனி ஃப்ரீன்னு பசங்க பேசிக்கறாங்க. ஃபீஸ் பெரும்பாலான கவர்மென்ட் யுனிவர்சிட்டில இல்ல, உண்மைதான், ஆனா பாடன் வூர்ட்டம்பர்க் ஸ்டேட்ல நம்மள மாதிரி வெளிநாட்டு பசங்களுக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ இருக்கு. அது போக விசாவுக்கு 11,904 யூரோ பிளாக்டு அக்கவுன்ட்ல (மாசாமாசம் கொஞ்சமாத்தான் எடுக்க முடியற அக்கவுன்ட்) காட்டணும், நம்ம காசுக்கு பத்து லட்சத்துக்கு மேல. இந்தியால படிச்சவங்களுக்கு, நம்ம படிப்பு பேப்பர்கள சரிபார்த்து குடுக்கற ஏபிஎஸ் (APS) சர்டிபிகேட் வேற, அதுக்கு 18,000 ரூபா. இதெல்லாம் தெரியாம அட்மிஷன் லெட்டர கையில வெச்சிக்கிட்டு அழுத பையன எனக்கு தெரியும்.

சரி, லோன் வாங்கலாம்னு பேங்குக்கு போனா, ஏழரை லட்சத்துக்கு மேல போனா சொத்து அடமானம் கேக்கறாங்க. எங்க வீடு ஹவுசிங் போர்டு அலாட்மென்ட், சேல் டீட் இன்னும் வரல. எங்க தெருவுல முக்கால்வாசி வீடு இப்படித்தான், புளியந்தோப்பு, கொருக்குப்பேட்டையிலயும் இதே கதை நிறைய. வேற ஊர்ல ஒரு குடும்பம் நிலத்த காட்டி புள்ளைய அனுப்பிடும், நம்ம பசங்ககிட்ட காட்டறதுக்கு ஒண்ணும் கிடையாது, அதனாலதான் ஸ்காலர்ஷிப்ப விட்டா நமக்கு வேற வழி இல்லன்னு இவ்ளோ அழுத்தி சொல்றேன்.

பணம் இல்லாம இல்ல சார். நம்ம தமிழ்நாடு கவர்மென்ட்லயே ஆதிதிராவிடர், பழங்குடியினர் பிள்ளைங்களுக்கு அண்ணல் அம்பேத்கர் பேர்ல வெளிநாட்டு படிப்பு திட்டம் இருக்கு, குடும்ப வருமானத்த பொறுத்து வருஷத்துக்கு 36 லட்சம் வரைக்கும் தர்றாங்க. ஒன்றிய அரசோட நேஷனல் ஓவர்சீஸ் ஸ்காலர்ஷிப் தனியா இருக்கு. ஜப்பான் கவர்மென்டோட மெக்ஸ்ட் இருக்கு, அதுக்கு ஏப்ரல் மே வாக்குல அப்ளை பண்ணணும், ஜப்பான் கான்சுலேட் சென்னையிலயே இருக்கு. இங்கிலாந்தோட செவனிங் ஸ்காலர்ஷிப்புக்கு ரெண்டு வருஷ வேலை அனுபவம் வேணும், ஜெர்மனியோட டாட் (DAAD) அமைப்பு குடுக்கற சில ஸ்காலர்ஷிப்புக்கும் அப்படித்தான், அதனால வேலைக்கு போற பசங்களுக்கும் இந்த கதவு மூடல. அமெரிக்கால பிஎச்டின்னா நிறைய இடத்துல ஃபீஸ தள்ளுபடி பண்ணி மாச சம்பளமும் தர்றாங்க. அமெரிக்கா பத்தி ஃப்ரீயா ஆலோசனை குடுக்க எஜுகேஷன் யுஎஸ்ஏ இருக்கு, காசு வாங்கறவங்ககிட்ட போறதுக்கு முன்னாடி பசங்கள அங்க அனுப்புங்க.

அம்பேத்கர் படம் இல்லாத தெரு நம்ம பக்கம் இருக்கா? அவரே 1913ல பரோடா மகாராஜா குடுத்த ஸ்காலர்ஷிப்ல மாசம் பதினொன்றரை பவுண்டு வாங்கிட்டுதான் நியூயார்க்ல கொலம்பியா யுனிவர்சிட்டிக்கு போனாரு. 1917ல ஸ்காலர்ஷிப் காலம் முடிஞ்சதும் லண்டன் படிப்ப பாதில நிறுத்திட்டு திரும்ப வேண்டி வந்துச்சு, அப்புறம் காசு சேர்த்துக்கிட்டு மறுபடி போய்த்தான் முடிச்சாரு. இத ஏப்ரல் 14 அன்னிக்கு மேடையில பேசும்போது பசங்களுக்கு சொல்லுங்க, அவர் படிச்ச மாதிரி படிக்க இன்னைக்கு எந்த ஃபார்ம் போடணும்ங்கறதையும் சேர்த்து சொல்லுங்க.

நான் கேக்கறது ரொம்ப பெருசு இல்ல. செகண்ட் இயர் ஆரம்பத்துலயே ஒரு மணி நேரம் ஒதுக்கி, எந்த மாசம் எது திறக்குது, எது மூடுதுன்னு நோட்டீஸ் போர்டுல எழுதி ஒட்டுங்க. பாஸ்போர்ட் அப்பவே எடுக்க சொல்லுங்க, 1,500 ரூபாதான். பேர் விஷயத்துல மட்டும் ரொம்ப கவனமா இருக்க சொல்லுங்க, மார்க்‌ஷீட்ல இனிஷியல், பாஸ்போர்ட்ல அப்பா பேர் முழுசா, ஆதார்ல வேற மாதிரின்னு மூணு பேர வெச்சிக்கிட்டு கடைசி நேரத்துல அலையற பசங்கதான் என்கிட்ட அதிகம் வர்றாங்க. பாடம் எடுக்கற ஒவ்வொருத்தருக்கும் காலேஜ் பேர்ல ஒரு ஈமெயில் ஐடி போட்டு குடுங்க. ரெகமன்டேஷன நீங்களே எழுதுங்க சார், நாலு வரியா இருந்தாலும் பரவால்ல, அந்த புள்ள லேப்ல என்ன பண்ணிச்சுன்னு உங்களுக்குத்தான் தெரியும். ஆங்கில வழில படிச்சான்னு ஒரு சர்டிபிகேட் கேட்டா ஒரு வாரத்துல குடுங்க, சில யுனிவர்சிட்டி அத ஐஈஎல்டிஎஸ்ங்கற இங்கிலீஷ் பரீட்சைக்கு பதிலா ஏத்துக்கறாங்க, அந்த ஒரு பேப்பர் மிச்சம் பண்றது எங்க அம்மா ஒரு மாசம் இட்லி வித்து பார்க்கற காசு.

உங்களுக்கு வேலைப்பளு எவ்ளோன்னு எனக்கு தெரியும், பாதி பேர் கெஸ்ட் லெக்சரரா இருக்கீங்க, சம்பளமே லேட்டா வருதுன்னும் தெரியும். அதனால முதல் வருஷத்துக்கு நானே வர்றேன். எந்த காலேஜ் கூப்பிட்டாலும் சனிக்கிழமை மதியம் ரெண்டு மணிக்கு மேல ஃப்ரீ, ஒரு ரூமும் கரும்பலகையும் போதும், காசு வேணாம். ஆகஸ்ட்லயே கூப்பிடுங்க சார், இந்த வருஷ ஃபைனல் இயர் பசங்களுக்கு இன்னும் டைம் இருக்கு.

இப்படிக்கு,
தண்டையார்பேட்டையிலருந்து ஒரு பழைய ஸ்டூடன்ட்